மட்டம் பாக்குற டியூப்பு

எம் புருஷன் ஜெகதீசன் டைல்ஸ் போடுற கொத்தனாரு. நெமிலிச்சேரி பக்கம் எந்த ஊட்டுல அவரு தரை போட்டாலும் கோலிகுண்டு வெச்சா உருளாது, அப்டி ஒரு கை. ஆனா அந்த மனுஷனுக்கு ஒரு வியாதி கீது. எதுக்கும் கடைக்குப் போவமாட்டாரு. கையில கீறத வெச்சே முடிச்சிடுவாரு. அன்னிக்கு எங்க மூணு பேரையும் கொளுத்தப் பாத்தது அந்த வியாதிதான்.

எங்க பைக்கு பழசு. டேங்க்லருந்து இன்ஜினுக்கு பெட்ரோல் போற ரப்பர் ஓஸ் வெடிச்சுப்போச்சுன்னு மெக்கானிக் முகமது ஆசிக் கிட்ட காட்டுனோம். "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் ஜாஸ்தி அண்ணாத்தே, பழைய ரப்பர துன்னுடுது. அதுக்குத் தாங்குற ஓஸ் வரவெச்சுத் தரேன், அதுவரைக்கும் வண்டிய எடுக்காத"ன்னாரு. இவரு கேப்பாரா? ஊட்டுக்கு வந்தாரு. மட்டம் பாக்குற டியூப்ப எடுத்து ஒரு சாண் வெட்டி மாட்டிட்டாரு. அதான், கொத்தனாருங்க தண்ணி ஊத்தி ரெண்டு சுவரும் ஒரே மட்டமான்னு பாப்பாங்களே, கண்ணாடியாட்டம் பிளாஸ்டிக் டியூப்பு, அது.

"இன்னாய்யா இது கூத்து?"ன்னேன்.

"முன்ன ஒருக்கா இதத்தான் மாட்டினேன், வருஷக்கணக்கா ஓடுச்சு. சும்மா கெடம்மே."

முன்ன ஓடுச்சு, சரி. அது முன்ன இருந்த பெட்ரோலு. இப்ப இருக்கிறது சரக்கு கலந்த பெட்ரோலாச்சே! ஓஸ் வந்துடுச்சுன்னு ஆசிக் போன் பண்ணாரு, இவரு நாளைக்கு, நாளைக்குன்னே தள்ளிகினு போனாரு.

ஞாயித்துக்கெழம மத்தியானம் நசரத்பேட்டையில எங்கக்கா ஊட்டு காதுகுத்துக்குக் கெளம்புனோம். எம்பொண்ணு பவ்யாவுக்கு புது ஃப்ராக்கு, வலை வலையா குடையாட்டம் விரிஞ்சுகினு இருக்கும். ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறா, டேங்க் மேலதான் குந்துவா, அது அவ சீட்டு. நான் பின்னாடி ஒருபக்கமா குந்திகினேன்.

நசரத்பேட்ட கிட்ட போவசொல்ல ரோடு அடைச்சுகினு ஒரு பெரிய சாவு ஊர்வலம் வந்துது. பூப்பல்லக்கு, மேளம், ஆட்டம். முன்னாடி ஒருத்தன் கையில ஊதுவத்தி, இன்னொருத்தன் சரவெடிய ரோட்டுல பாயாட்டம் விரிச்சுகினே வரான். வெடிச்சுது பாருங்க, எனக்கு காது அடைச்சுப்போச்சு. எங்க வலப்பக்கம் லாரி, பின்னாடி ஷேர் ஆட்டோ, இடப்பக்கம் பள்ளம். நகர வழியில்ல.

அப்பதான் வாசன வந்துது.

"யோவ், பெட்ரோல் நாறுது."

"லாரிலருந்து வருது."

"லாரில டீசல்யா!"

பவ்யா திரும்பி, "நைனா, காலு எரியுது"ன்னா.

குனிஞ்சு பாத்தேன். ஐயோ சாமி! டியூப்பு கட்டையாட்டம் வெறைச்சுப்போய், மாட்டுன இடத்துல படக்குன்னு ஒடஞ்சு தொங்குது. பெட்ரோல் கொட்டுது. எங்கொழந்த சாக்ஸ் சொட்டச் சொட்ட நனைஞ்சு கீது, ஃப்ராக்கு ஓரமெல்லாம் ஒட்டிகினு கீது. இன்ஜின் சுடச்சுட கீழயே கீது. அவரு வண்டிய ஆஃப் பண்ணிட்டு பெட்ரோல் மூடுற நாப்ப திருப்புனாரு. உள்ள இருக்குற வாஷரும் ஊறிப்போச்சு போல, நிக்கவே இல்ல. டேங்க்குக்குக் கீழ பெட்ரோல் கொட்டுற வாயில வெடுக்குன்னு கட்டவெரல வெச்சு அமுக்கினாரு. அப்டியும் வெரல் சந்துல வழியுது.

"கஸ்தூரி, பாப்பாவ தூக்கு!" அவரு அப்டி கத்தி நான் கேட்டதேயில்ல.

கொழந்தைய இழுத்தேன். நடுரோட்டுல ஃப்ராக்கு, ஷூ, சாக்ஸ் எல்லாத்தையும் பிச்சுப் பள்ளத்துல எறிஞ்சேன். ஜட்டியோட அவ கத்துறா. ஷேர் ஆட்டோவுல ஒரு பொண்ணு குந்திகினு இருந்துச்சு, ரேஷ்மான்னு அப்பறம் பேரு சொல்லுச்சு. பாப்பாவ அது கையில திணிச்சு, "பெட்ரோலும்மா, தூக்கிகினு ஓடு!"ன்னேன். அந்தப் பொண்ணு ஒரு வார்த்த கேக்கல, பாப்பாவோட குதிச்சு பின்னாடி ஓடுச்சு.

திரும்புனா, அடுத்த சரத்த எங்க வண்டிக்கு முன்னாடியே விரிக்கிறான். வெடி தெறிச்சா எங்க வந்து வுழும்? எம் புருஷன் வெரல எடுத்தா பெட்ரோல் அவங்க காலடிக்கே ஓடும், எடுக்கலன்னா அவரு அங்கயே கெடக்கணும். "நிறுத்துங்கடா! பெட்ரோலு!"ன்னு தொண்ட கிழியக் கத்துறேன். மேளத்துல எங்க கேக்குது? ஆடுறவன் ஒருத்தன் நானும் அழுவறேன்னு நெனச்சு கையெடுத்துக் கும்புட்றான். ஊதுவத்திக்காரன் திரிய நோக்கிக் குனியுறான்.

எனக்கு வேற ஒண்ணும் தோணல. ஓடிப்போய் அந்த சரத்து மேலயே குந்திட்டேன்.

"ஏய், யாரும்மா நீ? சாவ மறிக்கிற? எந்திரி!" ஊதுவத்திக்காரன் கண்ணு செவந்து கீது. செத்துப்போனவரு மவன் போல, அழுதழுது மூஞ்சி வீங்கி கீது. ஒரு கையால என் தோள புடிச்சு இழுக்குறான். இன்னொரு கையில ஊதுவத்தி, நுனியில நெருப்பு, என் மாராப்புக்கு ஒரு சாண் தூரத்துல.

அப்பதான் எனக்கே உறைச்சுது. சேல கொசுவம் காலோட ஒட்டிகினு கீது, சில்லுன்னு கீது. பாப்பாவ இழுத்தப்ப எம்மேலயும் பெட்ரோல் ஆயிடுச்சு. பெட்ரோல்ல ஊறுன திரியாட்டம் வெடி மேல நானே வந்து குந்திகினு கீறேன். வாயத் தொறக்குறேன், சத்தம் வரல. அந்த நெருப்பையே பாத்துகினு கீறேன்.

அவன் இழுக்கக் குனிஞ்சான். மூக்கு சுருங்குச்சு. என் சேலைய பாத்தான், அந்தாண்ட வண்டிக்குக் கீழ மினுமினுன்னு கீற ரோட்ட பாத்தான், எம் புருஷன் வெரல பாத்தான். அப்பறம் ஊதுவத்திய உதறல, கீழ போடல. உள்ளங்கையில வெச்சு இறுக்கி மூடிட்டான். சதை பொசுங்குற வாசன எனக்கு வந்துது.

"மேளத்த நிறுத்துங்கடா!"ன்னு அவன் போட்ட கூச்சல்ல ரோடே அடங்கிச்சு.

பக்கத்துல கட்டட வேல நடக்குற எடத்துலருந்து அந்தப் பசங்களே மணல அள்ளியாந்து கொட்டுனாங்க. டேங்க்ல கீற பெட்ரோல வேற கேன்ல புடிச்சாங்க. எம் புருஷன் வெரல நாலு பேரு சேர்ந்துதான் பிரிச்சாங்க, அப்டி வெறச்சுப்போய் கீது. என்னைப் பாத்து, "கஸ்தூரி, நான்…"ன்னாரு. "பேசாதய்யா. வாயத் தொறந்த, கொன்னுடுவேன்"ன்னேன். அவரு அழுதாரு. எனக்கு அழக்கூட வரல, பாப்பாகிட்ட போவணும்னு மட்டும்தான்.

ரேஷ்மா தன்னோட துப்பட்டாவ பவ்யாவுக்கு சுத்தி, ஒரு டீக்கட பெஞ்சுல வெச்சுகினு இருந்துச்சு. "கண்ணு!"ன்னு ரெண்டு கையையும் நீட்டிகினு ஓடுனேன்.

எம்பொண்ணு என்னப் பாத்து வீல்னு கத்துனா. "வராத! அம்மா, கிட்ட வராத! உம்மேல அந்த வாசன அடிக்குது!"

ரேஷ்மா தோள்ல மூஞ்சிய பொதச்சுகிறா. பெத்தவளுக்குப் பயந்து, பேரு தெரியாத பொண்ணு கழுத்த அப்டி கட்டிகினு கீறா. அவ சொல்றதும் சரிதானே. நீட்டுன கைய மடக்கிகினு, நாலடி தள்ளியே நின்னுகினு இருந்தேன்.