வாயாடியின் வசனங்கள்

இறந்துபோன பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை காலை, வாயாடி அந்த வாரத்து வசனம் முழுவதையும் எழுதி முடித்திருந்தாள். மொத்தம் பதினோரு பேச்சுக் குமிழ்கள். அவளுடைய அதே சாய்ந்த கையெழுத்து, லகரம் வரவேண்டிய இடத்தில் ளகரம், வாக்கியத்துக்கு மூன்று ஆச்சரியக்குறி. படம் வரைந்த தோழி பென்சில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அதைக் கண்டாள். என்ன எழுதுவதென்று தெரியாமல் குமிழ்களை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் குளிக்கப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது அம்மா மட்டும். அவளும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் வகுப்பில், பட்டப்பெயராலேயே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்ட மூன்று தோழிகள் சேர்ந்து இணையத்தில் தொடங்கிய படக்கதை அது. வால் முளைத்த பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடம், அதில் இவர்கள் மூவரும் உண்டு. வருடப் பரீட்சை முடிந்ததும் கட்டடம் வானத்தில் ஒரு மாடி உயரம் ஏறிக்கொள்ளும், பிள்ளைகளின் வாலும் ஒரு சாண் நீளும். பென்சில் வரைவாள், மூக்குக்கண்ணாடி நிறம் தீட்டுவாள், வாயாடி எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசுவாள். ஆரம்பத்தில் நாற்பது பேர் படித்தார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். பத்தாம் வகுப்பு நடுவில், விளையாட்டு நேரத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடிய வாயாடி, சுற்று முடியுமுன் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்றார் மருத்துவர்.

குமிழ்களைப் பார்த்த தமிழாசிரியை, “அவளேதான். இவளுக்கு லகரம் சொல்லிக் குடுத்தே என் தொண்டை போச்சு” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் யாரும் சந்தேகம் கேட்கவில்லை. வாரங்கள் வருடங்களாயின. வாயாடியின் கையெழுத்து நிமிர்ந்தது, வால் நீண்டது. பதினெட்டு வயதில் பின்பெஞ்சு வாலன் ஒருவனை ஏழு வாரம் காதலித்து, எட்டாவது வாரம் அவனைக் கிழிகிழியென்று கிழித்தாள். மூக்குக்கண்ணாடி வேலை கிடைத்து வெளியூர் போனாள். தொடர் கறுப்பு வெள்ளையானது. பென்சில் மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை வடிவமைக்கும் அலுவலகத்தில் சேர்ந்தாள். சிநேகிதம் செய்துகொள்ள அங்கே ஆட்கள் இருந்தார்கள், அவள்தான் செய்துகொள்ளவில்லை.

எட்டாம் வருடம் பென்சிலைத் தேடி வாயாடியின் அம்மா வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். அதுவரை தொடரை ஏறெடுத்தும் பார்க்காதவள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்.

“அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வலிக்குதுன்னு முன்னாடியே யார்கிட்டயாவது சொன்னாளா? அதை மட்டும் கேட்டுக் குடும்மா.”

பென்சில் கணினித் திரையில் புதுப் பக்கம் திறந்தாள். பள்ளிக்கூட வாசலில் ஆன்ட்டியை வரைந்தாள். அங்கே யாருக்கும் வால் இல்லாமல் முடியாது என்பதால் சின்னதாக ஒன்று வைத்தாள். கேள்வியை ஒரு குமிழில் எழுதினாள். எதிரே வாயாடி, அவள் தலைக்கு மேல் வெற்றுக் குமிழ். பென்சிலும் ஆன்ட்டியும் திரைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். எழுத்து விழுவதைப் பென்சில் கண்ணால் பார்த்தது அன்றுதான். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் விழுந்தது.

“யார்கிட்டயும் சொள்ளளம்மா!!! எனக்கே தெரியாது!!!”

“சரி,” என்று ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டாள். கதவுவரை போய்விட்டாள்.

“பொய் ஆன்ட்டி,” என்றாள் பென்சில். “என்கிட்ட ரெண்டு தடவை சொன்னா. மாடிப்படி ஏறினா நெஞ்சு அடைக்குதுன்னா. உங்களுக்குத் தெரிஞ்சா வீட்டோட உட்கார வச்சிடுவீங்க, கதை நின்னுடும்னு சத்தியம் வாங்கிட்டா. நானும் கதைதான் பெருசுன்னு இருந்துட்டேன்.”

ஆன்ட்டி கதவுப்பிடியை விடவே இல்லை. கதவிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“என்கிட்டயும் ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாடி. பரீட்சை பயம்னு நெனச்சு, தண்ணியக் குடிச்சிட்டுப் படின்னேன். ஊர்ல உள்ளவங்க ரத்தத்தையெல்லாம் பாத்தவ, எம் பொண்ணை ஒரு நாள் கூட்டிட்டுப் போகல.”

பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் அழுது முடிக்கச் சாயங்காலமானது. அந்த வாரம் மட்டும் தொடர் வெளிவரவில்லை. வாசகர்கள் திட்டி எழுதினார்கள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல் ஆன்ட்டி வருகிறாள். தொடரில் நிரந்தர வேடம். அவள் ஒன்று கேட்டால் மகள் மூன்று குமிழுக்குப் பதில் சொல்கிறாள். சில வாரம் தாய்க்கு ஒரு வார்த்தை பேச இடமிருப்பதில்லை. “கொஞ்சம் வாய மூடுடி, நான் பேசணும்” என்று திரையைப் பார்த்து அதட்டுவாள். ஆன்ட்டி பேசுவதற்கென்று பென்சில் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டுக் கொடுப்பாள்.