அட்மின் பட்டியலில் அம்மா

அந்தத் தெருவில் சோபாக்கா என்று கேட்டால் கைக்குழந்தைகூட வழி காட்டிவிடும். பழைய சோபாவுக்கு உறை மாற்றி, தொய்ந்துபோன ஸ்பிரிங்கைக் கழற்றி, பஞ்சு அடைத்துப் புதுசாக்கிக் கொடுக்கிற கடை. கடை அப்பாவுடையது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு மகள் எடுத்து நடத்துகிறாள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பில்லில் மட்டும்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவள் சோபாக்காதான். அவள் கணவன் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வான். கோபம் வந்தால் அவனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

அன்று காலை ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது விடுதி மேலாளரிடமிருந்து போன் வந்தது. வரவேற்பறையில் இருக்கிற சோபாக்கள் அத்தனைக்கும் உறை மாற்றுகிற வேலை. இந்த வருஷத்திலேயே பெரிய வேலை. அதற்காக அவள் எத்தனை தடவை நடையாய் நடந்திருக்கிறாள் என்று அவள் செருப்பைக் கேட்டால் தெரியும்.

"என்னம்மா, நீங்களே வந்து கேட்டுட்டு நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டீங்களே!"

"நானா? நான் எப்ப சார் சொன்னேன்?"

"நெட்ல உங்க கடை பேஜ்லதான் பதில் வந்திருக்கு. 'இந்த வாரம் வேலை எடுக்கல. வேலை செய்றவங்களுக்கு உடம்பு முடியல. பொறுத்து வாங்க'ன்னு. எங்க முதலாளியும் பார்த்துட்டார். வேற ஆளைப் பாருன்னுட்டார்."

அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். கடைசியில் அவர் மனம் இறங்கி, சாயங்காலத்துக்குள் அதே பேஜில், எழுத்தில், வேலையை எடுத்துக்கொள்கிறோம் என்று உறுதி சொன்னால் முதலாளியிடம் காட்டிப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். போனை வைத்ததும் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஃபோம் தூசி. கொஞ்ச நாளாகவே இருமல் விடாமல் இருந்தது. கடையில் அடிக்கிற சுத்தியல் சத்தத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும்தான்.

"நீங்க போட்டீங்களா அந்தப் பதிலை?" என்று கணவனைக் கேட்டாள்.

"நான் ஏன் போடறேன்? பேஜைப் பார்த்துக்கறது நீதானே!"

"நானா? நீங்கதான் பார்த்துக்கறீங்கன்னு நான் நினைச்சுட்டிருக்கேன்!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பல மாதங்களாகப் பேஜில் வந்த கேள்விக்கெல்லாம் பதில் போய்க்கொண்டிருந்தது. நல்ல பதில், மரியாதையான பதில். பரவாயில்லையே, மனுஷன் பொறுப்பாக இருக்கிறாரே என்று அவள் நினைத்திருந்தாள். பாவம், இத்தனை வேலைக்கு நடுவில் இதையும் பார்க்கிறாளே என்று அவன் நினைத்திருந்தான். இப்படி மனதுக்குள்ளேயே பாராட்டிக்கொள்கிற புருஷன் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு கடை எப்படி உருப்படும்?

"யாரோ உள்ள புகுந்திருக்கான். பேஜை நடத்தற அட்மின் யார் யாருன்னு பாரு," என்றான் அவன்.

பார்த்தாள். பார்த்தால், பட்டியலில் பாதிச் சொந்தபந்தம் உட்கார்ந்திருந்தது.

அது அம்மாவின் கைங்கரியம். பேஜை ஆரம்பித்தவள் அம்மாதான். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பேர் விட்டுப்போனாலே பத்து வருஷம் பேசாமல் இருக்கிற குடும்பம் அது. அதனால் யாரும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று ஒருவரையும் விடாமல் அட்மின் ஆக்கிவிட்டாள். அட்மின் என்றால் என்ன என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏதோ கௌரவப் பதவி என்று சும்மா இருந்துவிட்டார்கள். சித்தப்பா மட்டும் ஒரு தடவை வீங்கிய தன் முழங்காலைப் படம் எடுத்து, டாக்டருக்கு அனுப்புவதாக நினைத்துக் கடை பேஜில் போட்டுவிட்டார். அதற்கும் ஒருவர் விலை கேட்டிருந்தார்.

அவள் ஒவ்வொருவராக நீக்கினாள். சித்தப்பாவை நீக்கிக் கையை எடுப்பதற்குள் அவரிடமிருந்து போன் வந்துவிட்டது.

"ஏம்மா, என்னைத் தூக்கிட்டியாமே! உன் பேரைப் போட்டே வந்திருக்கு, நீ என்னை நீக்கிட்டேன்னு. உங்கம்மா குடுத்த பதவிம்மா அது."

"சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க. யாரோ திருட்டுத்தனம் பண்றாங்க. அப்புறமா பேசறேன்."

கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. அம்மா.

அம்மா போய் வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. படத்தில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இது இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். அதற்குள் விடுதிக்குப் போன பதிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த கணவன் குரலே மாறிப்போய்க் கூப்பிட்டான்.

"இங்க பாரு. அனுப்பினது உங்கம்மா அக்கவுன்ட்டுல இருந்து."

மற்ற பதில்களைப் பார்த்தார்கள். எல்லாம் அங்கிருந்துதான் போயிருந்தன. அப்போதும்கூட அந்தப் பெயருக்குப் பக்கத்தில், ஆள் ஆன்லைனில் இருக்கிறது என்று காட்டுகிற பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"செத்தவங்க அக்கவுன்ட்டைத் திருடிட்டான் எவனோ," என்றான் கணவன். "முதல்ல தூக்கு."

பயம் போய் ஆத்திரம் வந்தது அவளுக்கு. எவனோ ஒரு நாசமாய்ப் போனவன், அம்மாவின் முகத்தை மாட்டிக்கொண்டு, அப்பாவின் கடையைக் கெடுக்கிறான். நிச்சயமாக நீக்கவா என்று போன் கேட்டது. அவள் நிச்சயமாகத்தான் அழுத்தினாள். அழுத்திய பிறகு, அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது போல மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விடுதிக்கு என்ன எழுதுவது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிற அம்மாள்தான்.

"ஐயா சாப்பிட மாட்டேங்கறாரும்மா. நல்லாத்தான் இருந்தார், திடீர்னு தட்டைத் தள்ளிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

இருக்கிற தலைவலி போதாதென்று இது வேறா என்று அலுத்துக்கொண்டுதான் போனாள். அதை மறைப்பானேன். அப்பாவைக் குளிப்பாட்ட ஆள் இருக்கிறது, மருந்து வேளாவேளைக்கு நடக்கிறது, அறையில் காற்றாடி ஓடுகிறது. அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆரம்பத்தில் இடது கையில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். எழுத்து கோழி கிளறினது போல வந்தது. அவர் பேனாவை வீசி எறிந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பாவம், பதில் சொல்ல முடியாமல் தவிப்பார் என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கால்மாட்டில் அம்மாவின் டேப்லெட் கிடந்தது. அதில் அவர் வீடியோ பார்ப்பார் என்றுதான் வீட்டில் நினைப்பு. ஓரமாக எடுத்து வைக்கலாம் என்று அவள் அதைக் கையில் எடுத்தாள். திரையில், இன்னும் திறந்தே இருந்த அம்மாவின் அக்கவுன்ட்டில், ஒரு அறிவிப்பு நின்றிருந்தது. உங்களைக் கடையின் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார் என்று. யார் நீக்கினார் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. சோபாக்கா இல்லை. அப்பாவும் அம்மாவும் வைத்த பெயர்.

அவள் அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

தன் போனை எடுத்துப் பழைய பதில்களைப் படித்தாள். இப்போதுதான் முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தாள். பூனை பிறாண்டிக் கிழித்த சோபாவுக்கு என்ன செலவாகும் என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். 'சோபா நல்லாத்தான் இருக்கு, பூனையை மாத்துங்க' என்று பதில். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பூனையின் படத்தை அனுப்பியிருந்தாள். பூனைக்குச் சளி பிடித்ததுவரை பேச்சு நீண்டிருந்தது. மனைவி இறந்த பிறகு அவள் உட்கார்ந்த நாற்காலியை மட்டும் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். 'குழி விழுந்த இடத்தைச் சரி பண்ண வேண்டாம், அப்படியே இருக்கட்டும், கால் ஆட்டத்தை மட்டும் நிறுத்தித் தரோம்' என்று பதில். அப்பாவேதான். அப்பாவின் குசும்பு, அப்பாவின் நிதானம். பேச்சு போய்விட்டது என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், முன்பின் தெரியாதவர்களோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

விடுதிக்குப் போன பதிலில் இருந்த உடம்பு முடியாதவர் யார் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் படுக்கிற அறைக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ராத்திரி இருமல் அதைத் தாண்டிக் கேட்கும்.

"அப்பா," என்றாள். "திருடன்னு நினைச்சுட்டேன்ப்பா. நீங்கன்னு தெரியாது. ஏன்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

சொன்ன பிறகு அந்தக் கேள்வி அவளுக்கே கேவலமாக இருந்தது. அவர் திரும்பவில்லை. அவள் அவசர அவசரமாகப் போனில் தேடி, நீக்கிய பெயரை மறுபடி சேர்த்து, முழு அனுமதியும் கொடுத்து அழைப்பு அனுப்பினாள். டேப்லெட் மணி அடித்தது. அவர் கையில் வைத்தாள். ஏற்கவா, மறுக்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இரண்டையும் தொடவில்லை. நிதானமாகத் திரையிலேயே எழுதுகிற வேறொரு இடத்துக்குப் போய், இடது கை ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, அவளுக்கு நேராகத் திருப்பிக் காட்டினார்.

'நான் பண்ணது தப்பு. கடை உன்னோடது. இனிமே தொட மாட்டேன்.'

கோபமாக எழுதியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். முகத்தில் கோபமே இல்லை. கையில் இருந்த கடைசிச் சாவியையும் கொடுத்துவிட்டவர் போல அமைதியாக இருந்தார். இந்த மனுஷன் இனி யாரோடும் பேசப் போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"கடை கிடக்கட்டும்ப்பா. ஊர்ல இருக்கறவங்ககிட்ட எல்லாம் பேசறீங்க. எங்கிட்டப் பேசக் கூடாதா?"

அவர் வெகுநேரம் எழுதினார். நடுவில் கணவனிடமிருந்து போன் வந்தது. எடுத்தாள்.

"விடுதிக்காரர் கேக்கறார். என்ன சொல்லட்டும்?"

"பதில் வரும்னு சொல்லுங்க. அப்பா எழுதிட்டிருக்கார்."

"எந்த அப்பா?"

"எங்க அப்பாதான். வைங்க, அப்புறம் சொல்றேன்."

அப்பா டேப்லெட்டைத் திருப்பினார்.

'நீ வருவ. செருப்பு சத்தம் கேக்கும். சாப்பிட்டாரா, மருந்து குடுத்தியான்னு அவங்ககிட்ட கேப்ப. என் வாசலைத் தாண்டிப் போயிடுவ.'

பொய் என்று சொல்ல ஒரு வரிகூட அதில் இல்லை. முகத்தை அவர் போர்வையில் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். வேலைக்கார அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டாள். அப்பாவின் இடது கை அவள் தலைமேல் வந்து கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு எடுத்துக்கொண்டார். டேப்லெட்டில் தட்டுகிற சத்தம் கேட்டது.

'அழாதே. விடுதிக்குப் பதில் போடு. பெரிய வேலை.'

"நீங்களே போடுங்க," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வேண்டாம்னு சொன்னது நீங்கதானே. வேலை எடுத்துக்கறோம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் அழைப்பைத் திறந்து அவர் விரலுக்குக் கீழே கொண்டுவந்து பிடித்தாள். அவர் அம்மாவின் சிரித்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏற்கிறேன் என்பதை அழுத்தினார். விடுதியின் செய்தியைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அவள் அவர் தோளை ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் அழித்துவிட்டு மறுபடி தேடினார். அவள் கை கொடுக்கவில்லை.

'ஐயா, வேலையை எடுத்துக்கறோம். நல்லா முடிச்சுத் தருவோம். ஆனா இந்த வாரம் முடியாது. என் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. அவ வீட்ல இருக்கா.'

அனுப்பாமல் அவளைத் திரும்பிப் பார்த்தார். இதைப் படித்தால் அந்த முதலாளி என்ன செய்வார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கடைசி இரண்டு வரியை அழித்துவிட்டால் போதும், வேலை கைக்கு வந்துவிடும்.

அவள் கையை நீட்டி, அனுப்பு என்பதை அழுத்தினாள்.