கண்ணாடிக்குள் அம்மாவின் கூறை

கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவின் புடவையோடு நிற்கும் பொம்மையின் இடுப்பிலிருந்து முதல் ஊக்கைக் கழற்றிவிட்டேன், இரண்டாவது துருப்பிடித்துத் துணியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நேரமாகும், வீட்டில் அம்மாவைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டாயிற்று, என்ன புடவை கட்டுவது என்று பெண்கள் கேட்டார்கள், கூறைதான், வேறெது, புருஷனை முந்திக்கொண்டு போகிறவளுக்குக் குங்குமம் இட்டுக் கூறை கட்டித்தானே அனுப்ப வேண்டும் என்று நான்தான் சொன்னேன், சொல்லும்போது என் குரல் ஊர்ப்பெயர் கூவும் கண்டக்டர் குரல் போல இருந்தது, அழுகை அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை, விரல் நுனியில் துருதான் வருகிறது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இந்தக் கோத்தகிரி மலையில் குடியேறிய எங்கள் ஜனங்களின் சாமான்களைச் சேர்த்து, பழைய லயன் வீடு ஒன்றில் காட்சியகம் வைத்திருக்கும் செபஸ்தியான் அண்ணன் சாவியோடு பக்கத்தில் நிற்கிறார், கொழுந்துக் கூடை, மழைக்குப் போர்த்திய கறுப்புக் கம்பளி, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, சுவர் முழுக்க அவரே வரைந்த கப்பல், குடுத்த பொருளத் திருப்பிக் குடுக்குற வழக்கமில்ல பாப்பா, உங்கம்மாவுக்கு இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வருமா, கண்ணாடிய மட்டும் உடைச்சிராத, சங்கத்துல என் தோல உரிச்சிருவாங்க என்கிறார், ஊக்கை அறுக்க பிளேடு தேடிப் பின்கட்டுக்குப் போகிறார்.

அம்மாவின் அண்ணன் சிவனாண்டி மாமா வாசற்படியைத் தாண்டவில்லை, காலையிலிருந்து ஒரே பல்லவி, பழச எதுக்கு எடுக்கிற தாயி, கீழ கடையில புதுசா ஒண்ணு பாத்துக்கலாமே என்று, நான் கேட்கவில்லை, கப்பலையே பார்க்கிறேன், வர்ணம் அசைகிறது, நான் அம்மாவின் இடுப்பில் இருக்கிறேன், தலைமன்னார்க் கரையில் அப்பா நிற்கிறார், அவருக்கு மட்டும் இந்தியா போகிற கடதாசி வரவில்லை, அடுத்த கப்பல்ல வந்துர்றேன் ராக்கு என்று அம்மாவிடம் சொல்கிறார், அடுத்த கப்பல் வருகிறது, அதற்கடுத்தது வருகிறது, பிறகு கப்பலே வருவதில்லை, அம்மா தினமும் காலையில் கண்ணாடித் துண்டைச் சன்னலில் சாய்த்து, கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம் வைக்கிறாள், கொழுந்து பறிக்கப் போகிற வழியில் எவளோ, யாருக்குடி இம்புட்டுப் பெரிய பொட்டு, கங்காணிக்கா என்று சிரிக்கிறாள், உன் புருசனுக்குத்தான், பாத்து நாளாச்சுன்னு கேட்டு விட்டாரு என்கிறாள் அம்மா, மலை முழுக்கச் சிரிப்பு. காட்சியகம் திறந்தபோது பெட்டியோ விளக்கோ கொடுத்தார்கள் எல்லோரும், அம்மா தகரப்பெட்டியின் அடியிலிருந்து இந்த அரக்குப் புடவையை எடுத்துக் கொடுத்தாள், கூறைன்னு எழுதிக்கங்க என்றாள், இலங்கையில் அட்டன் தோட்டத்துக் கோயிலில் நடந்த கல்யாணம், அன்றைக்குக் கட்டியது என்று செபஸ்தியான் அண்ணன் அட்டை எழுதினார், என் கல்யாணத்துக்குக்கூட அவள் இதைக் கட்டவில்லை, கட்டிக்கோயேன் என்றால், உங்கப்பா வரட்டும் என்பாள்.

பொம்மைக்குத் தலையில்லை, வீட்டில் கிடப்பது யார், இங்கே நான் அவிழ்ப்பது யாரை, முந்தியை உருவுகிறேன், கஞ்சி வாசனை அப்படியே இருக்கிறது, மஞ்சள் கறை இல்லை, வியர்வைச் சுவடு இல்லை, உள்தலைப்பில் ஊதா மையில் கடை முத்திரை, மேட்டுப்பாளையம். அட்டனில் கட்டிய கூறையில் மேட்டுப்பாளையம் எப்படி வரும், மாமா இதைப் பாருங்களேன் என்றேன், அவர் அப்போதுதான் படியைத் தாண்டி உள்ளே வந்தார், முத்திரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

கூறைய, கப்பல விட்டு எறங்கித் தங்குன மண்டபம் கேம்புலயே வித்துட்டா தாயி, உனக்குக் காய்ச்சல் கண்டப்ப, இது நான் எடுத்தது என்றார். உங்கப்பன் அங்கேயே செத்துட்டான்னு அட்டன்ல இருந்து வந்த ஆளு எங்கிட்ட வந்து சொன்னான், தாலியக் கழட்டி வாங்குறன்னிக்குப் பொறந்த வீட்டுல இருந்து போடுற கோடி இது, வெள்ளையில எடுக்கக் கை வரல, சின்ன வயசு அவளுக்கு. அம்மா அதை மடியில் வைத்து வெகுநேரம் தடவினாளாம், பிறகு பெட்டியில் போட்டுப் பூட்டினாளாம், மேட்டுப்பாளையம் பஸ்சு வர்றப்பல்லாம் அப்பா வர்றாருன்னு புள்ள ரோட்டுக்கு ஓடுதுண்ணே, ஓடட்டும், நீ வாயத் தொறக்காத என்றாளாம்.

வேற யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

எனக்கும் அவளுக்குந்தான் தாயி.

பின்கட்டில் செபஸ்தியான் அண்ணன் எதையோ உருட்டுகிற சத்தம், நான் துருப்பிடித்த ஊக்கை இழுத்தேன், இடுப்பில் ஒரு நூல் அளவு கிழிந்தது, பொம்மை வெறுமையாக நின்றது, முந்தியை மாமாவிடம் நீட்டினேன், தரையில படாமப் பிடிங்க, மடிக்கணும், குங்குமம் கொழைச்சு வெச்சுட்டு அங்க உக்காந்திருப்பாங்க என்றேன், அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.