பால் டின்னில் சிரிப்பவள்

"இந்தப் பொம்பளை எதுக்குக்கா சிரிக்கிறாக?"

"அது கேள்வியில இல்லடி. கேட்டதுக்குப் பதில் சொல்லு," என்றாள் ரஹீமா.

"என்ன விக்கிறாக, யாரு விக்கிறாக, யாருக்கு விக்கிறாக..." விரலை மடக்கிக்கொண்டே வந்த ஷரபுன்னிசா மறுபடியும் விளம்பரப் படத்தில் போய் நின்றாள். "பாப்பா தூங்குது. பக்கத்துல பால் டின்னு. இவுக மட்டும் நம்மளப் பாத்துச் சிரிக்கிறாக. நம்ம அமீனாக்கா மாதிரியே இல்ல?"

அடுப்படியில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"படிக்க வந்த பிள்ள படிச்சிட்டுப் போகணும், ஷரபு," என்று உள்ளேயிருந்து ரஹீமாவின் அம்மா சொன்னாள். குரல் உயரவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணான ஷரபு தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெயரை யாரும் அந்த வீட்டில் சொல்வதில்லை. ரஹீமாவின் அக்கா அமீனா தலைப்பிரசவத்தில் போனவள். அவள் விட்டுப்போன பிள்ளை பரீது, தொட்டிலில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். அவன் குடிப்பதும் டின் பால்தான். டின்னின் மேலும் அதே பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை பால் கரைக்கும்போதும் ரஹீமா டின்னைத் திருப்பி, சிரிப்பு சுவரைப் பார்க்கும்படி வைப்பாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது மறுபடி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மாதான் எடுத்து வைத்திருப்பாள் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொள்வாள்.

பள்ளத்தூரில் அந்தத் தெருவிலேயே பள்ளி இறுதி வகுப்பு தேறிய பெண் ரஹீமா ஒருத்திதான். இந்த வருஷம் எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் புதிதாக விளம்பரமும் சுவரொட்டியும் கொடுத்துக் கேள்வி கேட்கிறார்களாம். பிள்ளைகள் முதல் வார்த்தையிலிருந்து ஒவ்வொன்றாக அர்த்தம் தேடி, பாதியிலேயே மூச்சு முட்டி நின்றுவிடுவார்கள். ரஹீமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள்.

"முதல்ல படத்தப் பாரு. அப்புறம் பெரிய எழுத்து. கடைசியா அடியில கெடக்கிற பொடி எழுத்து. நம்ம கண்ணுல படக்கூடாதுன்னு நெனைக்கிறதத்தான் பொடி எழுத்துல போடுவாக."

பரீட்சையில் வராத கேள்வி ஒன்றையும் அவள் சேர்த்துக்கொண்டிருந்தாள்: இதில் சொல்லாமல் விட்டது என்ன? போன வாரம் சர்க்கஸ் நோட்டீஸ் ஒன்றை வைத்து அதைக் கேட்டபோது, "சிங்கம் பட்டினியாக் கெடக்குறத சொல்லலக்கா," என்றாள் ஷரபு. ரஹீமா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு, அந்தச் சிரிப்பு அக்காவுடையது போலக் கேட்டதே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

மதுரையில் ஆசிரியர் பயிற்சிக்கு அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளைப் பெற்றவர், அத்தா மீரான் சாகிபு, முடியாது என்று சொல்லவில்லை. "மச்சான் வரட்டும், கேட்டுக்கிருவோம்," என்றார். மச்சான் என்றால் அமீனாவின் புருஷன் ஜெய்னுலாபுதீன், பினாங்கில் கடை வைத்திருப்பவர். அவரிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்பது ரஹீமாவுக்குப் பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது.

"வேற ஒருத்தி வந்தா இந்தப் பிள்ளைக்கு மொகம் பாத்துப் பால் குடுப்பாளா?" என்றாள் அம்மா. "ஊரு ஒலகத்துல நடக்காததா? அக்கா எடத்துல தங்கச்சி. வீடும் மாறல, மனுசரும் மாறல."

உறவுக்காரப் பெண்கள் வந்து பேசியபோது ரஹீமா தலை நிமிரவில்லை. "மொகத்தக் கவுத்துக்கிட்டா. சம்மதந்தேன்," என்று ஒருத்தி சர்க்கரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பெண்ணைக் கேட்கச் சொல்வது மார்க்கம். மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வது ஊர்.

அதன் பிறகு வீடே அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக அக்காவாக்கத் தொடங்கியது. தையற்காரருக்கு அளவு கொடுக்க அம்மா அமீனாவின் அரக்கு ரவிக்கையை எடுத்து வந்தாள். போட்டுப் பார்த்தபோது தோளில் தொளதொளவென்று நின்றது.

"லூசா இருக்கும்மா."

"இருக்கட்டும். ரெண்டு மாசத்துல நெறஞ்சு போகும்."

அவசரத்தில் அம்மாவுக்கு வாய் தவறும். "அமீனா, பிள்ள அழுகுறான் பாரு!" முதல் தடவை ரஹீமா உறைந்து நின்றாள். இப்போதெல்லாம், "இந்தா வாரேன்," என்று போய்விடுகிறாள். போன பிறகுதான் தெரிகிறது, எந்தப் பெயருக்கு எழுந்து வந்தோம் என்று.

காரைக்குடி பஸ்ஸில் வந்து இறங்கிய மீரான் சாகிபு, கையில் ஒரு கட்டுடன் உள்ளே நுழைந்தார். கல்யாணப் பத்திரிகை. புது மையின் வாசம் கூடத்தில் பரவியது.

"நான் வாசிக்கட்டா பெரியத்தா? எனக்கு இப்ப நோட்டீசெல்லாம் வாசிக்கத் தெரியும்," என்றாள் ஷரபு.

"வாசி, வாசி. ஒங்கக்கா என்ன சொல்லிக் குடுத்திருக்கான்னு பாப்போம்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஷரபு விரலை மடக்கினாள். "என்ன? நிக்காஹ். எப்ப? வர்ற மாசம், வெள்ளிக்கிழமை. எங்க? பள்ளத்தூரு, பொண்ணு வீட்டுல. மாப்பிள்ள யாரு? பினாங்கு ஜெய்னுலாபுதீன். பொண்ணு யாரு..."

விரல் மடங்கவில்லை. அவள் ரஹீமாவைப் பார்த்தாள். பிறகு பத்திரிகையைப் பார்த்தாள்.

"அமீனாக்கா," என்றாள் மெதுவாக.

இந்த முறை யாரும் அவளை அதட்டவில்லை. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா," என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மீரான் சாகிபு கட்டைப் பிரித்தார். ஒன்று, இன்னொன்று, அடியிலிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் அமீனாதான் மணப்பெண். அச்சகத்தில் அவர் மூன்று வருஷத்துக்கு முந்திய பத்திரிகையை நீட்டி, "எல்லாம் அதேதான், தேதிய மட்டும் மாத்துங்க," என்று சொல்லியிருந்தார். அதே வீடு. அதே மாப்பிள்ளை. அழைக்கிற பெரியவர்களும் அதே ஆட்கள். பெண் வேறு என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"இதுல சொல்லாம விட்டது என்னன்னு கேக்கணும்ல அக்கா?" என்றாள் ஷரபு. ரஹீமா அவள் தலையைத் தடவினாள்.

தொட்டில் சங்கிலி கிறீச்சிட்டது. அலமாரியிலிருந்து டின் பெண் சிரித்தாள்.

மீரான் சாகிபு தொண்டையைச் செருமினார். "சரி, ஆனது ஆச்சு. நாளைக்கு கண்டரமாணிக்கத்துச் சொந்தக்காரவுகளுக்குக் குடுத்தனுப்பணும், திரும்ப அடிக்க நேரமில்ல." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார். "ஒனக்குத்தான் எழுத்து முத்து முத்தா வரும். அதுமேல ஒரு கோடு போட்டுட்டு, பக்கத்துல ஒம்பேர எழுதிரு தாயி."

ரஹீமா பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். ஒரு பத்திரிகையை எடுத்து அவர் மடியில் விரித்து, பேனாவை அவர் விரல்களுக்கிடையிலேயே திருப்பி வைத்தாள். பத்திரிகையின் ஓரத்தில் ஒரு சொட்டு மை விழுந்தது. முதன்முறையாக அவள் அவருடைய கண்களை நேராகப் பார்த்தாள்.

"இந்த ஒண்ணுல மட்டும் அக்கா பேர நீங்களே கோடு போட்டு அடிங்கத்தா. ஒங்களால முடிஞ்சா மிச்சத்தையெல்லாம் நான் எழுதிக் குடுக்கிறேன். முடியலைன்னா, என்னைய ரஹீமாவாவே மதுரைக்கு அனுப்பி வைங்க."