வாசல் பலகைக்கு வால்நட் நிறம்

மேகமலையில் இரண்டு நாள் தங்கிவிட்டு ‘சொர்க்கம்’ என்று எழுதிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யாரும் அங்கே ஒரு துணியைத் துவைத்துக் காயப்போட்டவர்கள் கிடையாது. போட்டிருந்தால் தெரிந்திருக்கும் சேதி. நாகஜோதி பதினோரு வருஷமாகக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் கொடியில் விரித்த சீலையைச் சாயங்காலம் எடுத்தால், விரித்தபோது இருந்ததைவிடக் கனமாக இருக்கும். துணிக்கே அந்தக் கதி என்றால் மரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மரம் என்றால், அவளும் அவள் புருஷன் ஈஸ்வரபாண்டியும் நடத்துகிற சின்ன விடுதியின் முன்னால் நீளமாகக் கிடக்கிறதே, அந்தப் பலகைத் தரை. வருகிறவர்கள் அதை ‘டெக்’ என்பார்கள். அதில் நாற்காலி போட்டு, காபியைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே தேயிலையையும் தண்ணீரையும் பார்ப்பதற்காகத்தான் சின்னமனூரிலிருந்து வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி வருகிறார்கள். ஈஸ்வரபாண்டிக்கு அது வெறும் பலகை. நாகஜோதிக்கு அது வாசல். வீட்டுக்கு முன்னால் இருப்பதற்கு வேறு என்ன பெயர் சொல்வது?

எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கை அறுத்துப் போட்ட பலகைகள். விலை சல்லிசு, சீராட்டு அதிகம். வருஷா வருஷம் தை பிறந்து மழை ஓய்ந்ததும் பாசியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் ஸ்டெயின் பூச வேண்டும், மரத்துக்கு நிறமும் கொடுத்து ஈரத்தையும் தடுக்கிற எண்ணெய்ப் பூச்சு அது. அவர் பிரஷ்ஷால் பலகையின் நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போவார். அவள் பின்னாலேயே துணியோடு போய் மரம் குடித்தது போக மிச்சத்தைத் துடைத்துக்கொண்டே வருவாள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று நின்று, வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருதடவை ஒட்டியும் இருக்கிறது, ஒரு மதுரைக்காரரின் வெள்ளைப் பேண்ட்டில். அந்த மனிதர் பேசிய பேச்சை நாகஜோதி இன்னும் மறக்கவில்லை.

அவளுக்கு இப்போது போதும் என்றாகிவிட்டது. கோபத்தில் சொல்கிற ‘போதும்’ இல்லை. அது மறுநாள் போய்விடும். இது முழங்காலில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. சின்னமனூரில் அவளுடைய அக்கா அக்கம்மாள் தன் வீட்டுக்குப் பின்கட்டை இவர்களுக்கென்று ஒழித்து வைத்திருக்கிறாள். சமதரையில் நடந்து கடைக்குப் போக வேண்டும், வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த சீலையைக் கட்ட வேண்டும், அட்டை கடிக்காத காலோடு தூங்க வேண்டும். இதற்கு மேல் அவளுக்கு ஆசை இல்லை.

அதற்கு விடுதியை ஒருவர் வாங்க வேண்டுமே. மேகமலையில் பட்டா இடம் குதிரைக்கொம்பு என்பார்கள். ஆனால் அந்தக் கொம்பை வாங்கவும் ஆள் வர வேண்டும் அல்லவா? பார்க்க வந்தவர்கள் எல்லாம் ரோட்டைப் பார்த்தார்கள், யானை வருமா என்று கேட்டார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் தேனியிலிருந்து சூரியபிரகாஷ் என்று ஒரு பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன், போட்டோவைப் பார்த்தே சரி என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியோடு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. இதுவும் தட்டிப்போனால் இன்னொரு மழைக்காலம். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

ஸ்டெயின் வாங்கச் சின்னமனூருக்குப் போன ஈஸ்வரபாண்டி திரும்பி வந்து டின்னைத் திறந்தார். நாகஜோதி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது, டிகாசன் கணக்கா இருக்கு?”

“வால்நட்டு.”

“எப்பவும் வாங்குற தேக்குக் கலரு இல்லையாமா?”

“இருந்துச்சு. இதுதேன் இருக்கட்டும்னு எடுத்தேன்.”

தேக்கு நிறம் மெல்லியது. பூசினால் மரத்தின் ரேகை அப்படியே தெரியும். ஆனால் அடுத்த தைக்குள் வெளுத்துவிடும். இந்த வால்நட் கெட்டியானது, இரண்டு மூன்று வருஷம் வெயிலுக்கு நிற்கும், அடியில் இருக்கிற எதையும் காட்டிக்கொடுக்காது. இத்தனை வருஷமாக, ‘ரேகை தெரியாட்டி மரம் எதுக்கு, சிமிட்டி போதுமே’ என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தே தேக்கு நிறத்தை வாங்கி வந்த மனுஷன் இவர்.

“பொண்ணு பாக்க வாராகன்னு பவுடர அப்புறீகளாக்கும்” என்றாள்.

வழக்கமாக இதற்குப் பதிலுக்கு ஒன்று சொல்வார். அன்றைக்கு டின்னை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மஞ்சு மூட்டம் இறங்கி வேலையைக் கெடுத்தது. சனிக்கிழமை காலையில்தான் வெயில் எட்டிப் பார்த்தது. ஈஸ்வரபாண்டி பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது முத்தாக நிற்காமல் உள்ளே இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். இறங்கியது. அப்படியென்றால் ஸ்டெயினும் இறங்கும். அவர் படிப்பக்கம் போய்த் தேய்க்க ஆரம்பிக்க, நாகஜோதி முழங்காலுக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு கதவடியில் உட்கார்ந்தாள். இடுக்கில் பாசி இருந்தது. பட்டிக் கத்தியை வைத்துச் சுரண்டினாள். கத்தி நழுவிப் பலகைக்குள்ளே போனது. சும்மா இல்லை, கேப்பக்களியில் கை வைத்த மாதிரி, பிடிவரைக்கும் போனது.

“அங்கன நோண்டாத” என்றார் ஈஸ்வரபாண்டி, தலையைத் தூக்காமலே.

தலையைத் தூக்காமல் சொன்னாரே, அதில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கத்தியை உருவிக்கொண்டு எழுந்தாள்.

“எப்ப இருந்து தெரியும் ஒங்களுக்கு?”

“என்னது?”

“என்னதா? இந்தா, கத்தி பொதுக்குனு போகுது. இது நேத்து இத்துப்போன மரமா?”

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். “மூணாம் வருசமே ஆசாரி சொல்லிட்டாரு. வருசாவருசம் அங்கன மட்டும் ரெண்டு கை கூட ஓட்டித்தேன் வச்சிருந்தேன். இந்த வருசம் பலகையத் தாங்குற அடிக்கட்டையும் போச்சு. மரத்தூள வச்சு அடைச்சு, இந்தக் கலர ரெண்டு கோட்டு அடிச்சா தெரியாது. மேல ஒரு கால்மிதி, ஓரத்துல ஒரு பூந்தொட்டி. வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

“ஏன் இங்கன மட்டும்? மத்த பலகையெல்லாம் மழையிலதேன கெடக்கு, அதெல்லாம் கல்லாட்டம் இருக்கு. இது எறவாரத்துக்குள்ள இருக்கு, சாரல்கூட அடிக்காது. இங்கன தண்ணி எப்புடி வந்துச்சு?”

அவர் தேய்த்த தூளைக் கையால் ஒதுக்கித் தள்ளினார்.

“கேக்குறேன்ல.”

“விடு ஜோதி.”

“சொல்லுங்க.”

“நீ தெளிக்கிற தண்ணிதேன்” என்றார்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. விடிந்ததும் எழுந்து ஒரு வாளித் தண்ணீரை வாசலில் தெளித்து, கூட்டித் தள்ளி, அரிசிமாவில் கோலம் போடாமல் அவள் அடுப்புப் பற்றவைத்ததில்லை. தரையானால் காய்ந்துவிடும். இது மரம். இறவாரத்துக்கு உள்ளே வெயிலும் விழாது. தெளித்த தண்ணீர் இடுக்கில் இறங்கி அங்கேயே நிற்கும். அது வற்றுவதற்குள் மறுநாள் வாளி வந்துவிடும். போதாததற்கு மாவுக்கு எறும்பு. வானத்துத் தண்ணீரைத் தடுக்க வருஷா வருஷம் முட்டி தேய ஸ்டெயின் பூசியது ஒரு பக்கம். இவள் கையாலேயே பதினோரு வருஷம் ஊற்றியது மறுபக்கம்.

“காப்பியில சீனி கம்மின்னா ஊரக் கூட்டுறீக. கதவு கிரீச்சுன்னா நான்தேன் காரணம்பீக. இதச் சொல்றதுக்கு மட்டும் வாய் வரலையாக்கும்?”

“என்னன்னு சொல்லச் சொல்ற? வாசத் தெளிக்காத, கோலம் போடாதன்னா? எளவு விழுந்த வீட்டுலதேன் அப்புடி இருப்பாக. அத என் வாயால சொல்லச் சொல்றியா?” அவர் மறுபடி உப்புத்தாளை எடுத்தார். “போகுது, பலகைதேனன்னு விட்டுட்டேன்.”

நாகஜோதிக்குக் கோபம் வந்தது. யார்மேல் படுவது என்று தெரியவில்லை. வாய்க்கு வாய் வைகிற மனுஷன், ஒரு பூவுக்குக்கூட வக்கில்லாதவர் என்று அவளே அக்காளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர் இத்தனை வருஷமாக அவள் தெளித்த ஈரத்துக்கு மேலே சத்தமில்லாமல் பூசிக்கொண்டே வந்திருக்கிறார். அதே மனுஷன் இப்போது அதை மறைத்து விற்கச் சொல்கிறாரே என்றும் இருந்தது. அந்தப் பையன் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

அவனிடம் சொல்லிவிடலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முழங்கால் சுரீரென்றது.

“சரி, அடைங்க” என்றாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அசந்துபோன உடம்புக்கு வெட்கமெல்லாம் இரண்டாம் பட்சம். மரத்தூளைக் கோந்தில் குழைத்து அவள்தான் கொடுத்தாள். அவர் அப்பி வழித்து, காய்ந்ததும் தேய்த்து, முதல் கோட்டு அடித்தார். அவள் துடைத்தாள். இருட்டுவதற்குள் வாசல் முழுக்கப் புதுப் பலகை மாதிரி மினுமினுத்தது. எங்கே இற்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கார் வந்தது. சூரியபிரகாஷ் இறங்கினதும் போனைத் தூக்கிப் பிடித்து நாலா பக்கமும் படமெடுக்க ஆரம்பித்தான். ஈஸ்வரபாண்டி எதிரே போய், “வாங்க தம்பி, ரோடு எப்புடி இருந்துச்சு” என்று கூடவே நடந்தார். அவன் பெண்டாட்டி சுபாஸ்ரீ மெதுவாகப் படிக்கு வந்தாள். வந்தவள் முதல் படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றி ஓரமாகத் திருப்பி வைத்தாள்.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர் வந்தார்கள். பூட்ஸோடு ஏறினார்கள், சேற்றோடு ஏறினார்கள். வாசல் என்று நினைத்துச் செருப்பைக் கீழே விட்டவள் இவள் ஒருத்திதான். வெறுங்காலோடு ஏறி, புதுப் பூச்சைக் கண்டு பார்த்துப் பார்த்து அடி வைத்து, நேராகக் கதவடிக்கு நடந்து வந்தாள்.

“நில்லு தாயி” என்றாள் நாகஜோதி. “அங்கன மிதிக்காத.”

பூந்தொட்டியை நகர்த்தினாள். கால்மிதியை எடுத்தாள். அந்தப் பக்கம் ஈஸ்வரபாண்டியின் பேச்சு நின்றுபோனது அவளுக்குக் கேட்டது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது.

“இங்கன இத்துப்போச்சு. மேலதேன் பூசியிருக்கோம். அடிக்கட்டையும் போயிருச்சு. நாந்தேன் வாசத் தெளிச்சுத் தெளிச்சு இப்புடி ஆக்கிப்புட்டேன். சொல்லாமக் குடுக்க மனசு வரல. பாத்துக்கங்க, பெறகு ஒங்க இஷ்டம்.”

சொல்லி முடித்ததும் சின்னமனூரும் பின்கட்டும் கையை விட்டுப் போய்விட்டதாகவே அவளுக்குத் தோன்றியது. அடுத்த மழையில் கொடியில் தொங்கப்போகிற ஈரச் சீலைதான் கண்ணில் நின்றது. சுபாஸ்ரீ அவளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை.

“ஐயோ அக்கா, இதுக்கா இப்படிப் பதறுறீங்க? இந்த டெக்கையே நாங்க எடுக்கப் போறோம். இவங்க பிளானே போட்டுட்டாங்க.”

“ஆமாக்கா” என்றான் சூரியபிரகாஷ். “கான்கிரீட்டு போட்டு மேல டைல்ஸ். ஓரம் முழுக்கக் கண்ணாடி. மரம் எல்லாம் யாருக்கா வருசாவருசம் பாத்துக்கிட்டு இருக்கிறது? இதுக்குப் போயி புதுசா ஸ்டெயின் வேற அடிச்சிருக்கீங்க.”

ஈஸ்வரபாண்டியின் முகம் இருண்டது. அவரை அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு மூச்சில், ‘நாங்க கொடுக்கிறதா இல்லை தம்பி, காரை எடுங்க’ என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான், திருப்பி வாங்க மாட்டார். தன் உள்ளே என்ன புரள்கிறது என்று பார்க்க நாகஜோதிக்கு நேரமில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

“தாராளமா ஒடைங்க. நாங்க எறங்குனதுக்குப் பெறகு ஒடைங்க.”

வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். சித்திரையில் பத்திரம் என்று பேசி முடித்தார்கள். காபி குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். கார்ச் சத்தம் வளைவில் அமுங்கியது. கேட்டது கிடைத்தவளுக்குச் சந்தோஷம் வர வேண்டும். நாகஜோதி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அது வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை, அசதிதான் வந்தது.

டின் மூடியை நெம்புகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஈஸ்வரபாண்டி குச்சியை விட்டு அடிவரைக்கும் கலக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன செய்றீக?”

“ரெண்டாவது கோட்டு.”

“ஒடைக்கப்போற பலகைக்கா?”

அவர் பிரஷ்ஷை நனைத்து, டின் விளிம்பில் வழித்தார்.

“ஒடைக்கிறது சித்திரைக்குப் பெறகுதேன? அதுவரைக்கும் மழை பேயாமலா இருக்கும்?”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிடந்த பழைய துணியை எடுத்தாள். அவர் பலகையின் நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போக, பின்னாலேயே முழங்காலிட்டு, மரம் குடித்தது போக மிச்சத்தைத் துடைத்துக்கொண்டே போனாள்.