ஐஸ்கிரீம் டப்பாவில் முளைத்த மிளகாய்

மருமகனுக்குச் சுத்தம் என்றால் உயிர். மனைவியோ எதையும் தூக்கி எறியாத ரகம். விதைப் பொட்டலம் வாங்குகிற காசுக்குக் காயே வாங்கிவிடலாம் என்பது அவள் கட்சி. அதனால் கனிந்துபோன தக்காளியைப் பிதுக்கி விதை எடுப்பாள். கூடவே இருக்கும் அவள் அப்பா, பழைய செய்தித்தாளை டம்ளரில் சுற்றிக் குட்டிக் கிண்ணங்கள் செய்து தருவார். மண் நிரப்பி ஜன்னலோரம் அடுக்கினால் நாற்று தயார். வீட்டில் கால் வைக்க இடமிருக்காது, அது வேறு கதை.

மிளகாய் விதைக்கு மட்டும் தனி மரியாதை. அலுவலகத் தோழி தன் செடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஈரத்துணியில் மடித்து, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, கொஞ்சம் சூடு கிடைக்கட்டும் என்று ஃபிரிட்ஜ் மேலே வைத்திருந்தாள். அதுவோ முளைப்பேனா என்று இழுத்தடித்தது. தினமும் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் அவள் வெளியே போயிருந்தபோது மருமகன் ஃபிரிட்ஜைத் துடைக்கக் கிளம்பினான். டப்பாவைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாய் ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சைதான் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு, குப்பை வண்டி வந்ததும் டப்பாவோடு போட்டுவிட்டான்.

மனைவி வந்ததும் வீடு இரண்டுபட்டது. "இன்னைக்குக் காலையிலதான் வேர் விட்டிருந்துச்சு! வெள்ளையா, பஞ்சு மாதிரி! யார் எடுத்தது?" என்று கேட்டவள் நேரே அப்பாவைப் பார்த்தாள். சமீபத்தில் சர்க்கரை டப்பாவைத் துணி அலமாரியில் வைத்தவர் அவர்.

மருமகன் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார். "நான்தான் போட்டிருப்பேம்மா. ஞாபகம் இல்ல."

அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தது மருமகனுக்கு. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு பெரியவர் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. உள்ளே போய்த் திறக்கத் தெரியாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? அடுப்புப் பக்கம் போவதில்லை. தனியாக நடக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். கிண்ணம் சுற்ற உட்கார்ந்தவரை, "நீங்க எதையும் தொடாதீங்கப்பா" என்று மகள் தடுத்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவள் கணவனிடம் அழுதாள். "அப்பாவை டாக்டர்கிட்ட காட்டணுங்க. பயமா இருக்கு."

ஒரு மிளகாய்ச் செடிக்காக ஒரு மனுஷனுடைய புத்தியையே பிடுங்கிக்கொண்டோமே என்று மருமகனுக்கு உறுத்தியது. மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது போட்டு உடைத்தான்.

"மாமா, அந்த டப்பாவைக் குப்பையில போட்டது நான். பூஞ்சைன்னு நினைச்சுட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்."

பெரியவர் சிரித்தார். "எனக்காகப் பழியைத் தலையில போட்டுக்கறீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா, சத்தியமா நான்தான்!"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை.

"சத்தியமெல்லாம் எதுக்கு?" பெரியவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "எனக்கே ஞாபகம் வந்துடுச்சு மாப்பிள்ளை. இந்தக் கையாலதான் எடுத்தேன். துணி ஜில்லுன்னு இருந்துச்சு."