கடல் தெரியும் அறை

விபத்துக்கு முன்னால் அவர் லாரி ஓட்டியவர். இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். சக்கர நாற்காலியை அவர் வண்டி என்றே சொல்வார். மாடி வீடு என்பதால் அந்த வண்டி வாசலைத் தாண்டுவதே அபூர்வம். மனைவி பள்ளி ஆசிரியை. காலையில் வேண்டியதையெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவாள். பாதுகாப்புக்கு என்பாள். அவரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

விடுமுறையில் கடற்கரை விடுதிக்குப் போகலாம் என்று சொன்னது அவள்தான். சக்கர நாற்காலியில் வருவோருக்கு ஏற்ற விடுதி என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வாசலில் சரிவுப் பாதை இருந்தது, லிஃப்ட் இருந்தது. அறை ஜன்னலில் கடல் முழுசாகத் தெரிந்தது. டிரைவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

"நீ போய் கால் நனைச்சுட்டு வா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

"தனியா இருந்துப்பீங்களா?"

"வீட்ல மட்டும் என்ன, கூட்டத்துக்கு நடுவுலயா இருக்கேன்?"

சிரித்துக்கொண்டே போனாள். வெளியே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. இங்கேயுமா என்று அவருக்குச் சுருக்கென்றது.

சற்று நேரத்தில் குளியலறைக்குப் போனார். தள்ளினால் உள்ளே திறந்து, விட்டால் தானாக மூடிக்கொள்ளும் கதவு. உள்ளே போனதும் நாற்காலியின் கால்தட்டு வாஷ்பேசினுக்கு அடியில் குழாயில் மாட்டிக்கொண்டது. பின்னால் கதவு மூடி, சக்கரத்தோடு இறுக்கி நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. போன் கட்டிலில் கிடந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சக்கரத்தைத் திருப்பித் திருப்பி உள்ளங்கை எரிந்தது. சுவர்கள் நெருங்கி வருவதுபோல இருந்தது. தொண்டை கட்டும்வரை கத்தினார். மேலே சின்ன ஜன்னல் வழியாக அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"யாரது? விழுந்துட்டீங்களா?" பக்கத்து அறைக் குளியலறையிலிருந்து ஒரு பெண் குரல்.

"விழலீங்க, மாட்டிக்கிட்டேன். லாரியைச் சந்துக்குள்ள விட்ட மாதிரி ஆயிடுச்சு."

"இருங்க தம்பி, ஆளைக் கூட்டிட்டு வரேன். எனக்குக் கண் தெரியாது, கொஞ்சம் நேரமாகும். பயப்படாதீங்க."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"கண் தெரிஞ்ச யாருக்கும் நீங்க கத்தினது கேக்கலையே."

கைத்தடி தட்டும் ஓசை தேய்ந்து மறைந்தது. திரும்பி வந்தவள் சுவருக்கு அப்பாலிருந்து சொன்னாள்: "மேனேஜர் இன்னொரு சாவி தேடப் போயிருக்கார். ரூம் வெளியே பூட்டியிருக்காமே. ஆளை உள்ள வெச்சு யாரு பூட்டினது?"

"நான்தான் பூட்டச் சொன்னேன்."

"சரி," என்றாள் அவள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் சோர்ந்துபோகாமல் இருக்க, தான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த காலத்தில் ராங் நம்பரில் வந்தவர்கள் பேசிய கூத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாவி கிடைத்து அறை திறந்தும் குளியலறைக் கதவு அசையவில்லை. தச்சர் வந்து அதன் மேல்பாதியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தபோது மனைவி ஓடிவந்தாள். சேலையின் ஓரம் நனைந்திருந்தது. அவரை வெளியே எடுத்துவிட்டு எல்லோரும் போனதும் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கே கிளம்பிடலாம். இனிமே உங்களை விட்டு நகரவே மாட்டேன்."

"தாராளமா நகரு. பூட்டாதே, அது போதும்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு என்ன சொன்னீங்க? மாடிப்படி வரைக்கும் வண்டியைத் தள்ளிட்டுப் போனா எல்லாம் முடிஞ்சுடும்னு சொன்னீங்க. அதைக் கேட்டுட்டு எப்படிங்க நான் திறந்து போட்டுட்டுப் போறது?"

அப்படிச் சொன்னதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வலியில் வாய் தவறி வந்த வார்த்தை. இத்தனை வருஷமும் அதை மடியில் நெருப்பாகக் கட்டிக்கொண்டுதான் பாடம் நடத்தியிருக்கிறாள்.

"இப்ப அந்த நினைப்பு இல்லம்மா."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் எதுவுமே சொல்றதில்லையே."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் கிளம்பவில்லை. மறுநாள் மணலில் போட்டிருந்த பலகைப் பாதையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். தண்ணீருக்கு வெகுதூரம் முன்பே பலகை முடிந்துவிட்டது. மணலில் ஓடக்கூடிய அகலச் சக்கர நாற்காலி ரிப்பேரில் இருப்பதாக மேனேஜர் கைவிரித்துவிட்டார். டிரைவர் பலகையின் நுனியிலேயே இருந்தார். மனைவி நாலடி நடப்பதும் திரும்பிப் பார்ப்பதுமாகத் தண்ணீர்வரை போனாள். போ போ என்று கைகாட்டிக்கொண்டே இருந்தார். அலை முழங்காலில் மோதியபோது அவள் வீறிட்டுச் சிரித்தது அவர் காதுக்கு எட்டியது.

ஊர் திரும்பிய பிறகு உடனே எல்லாம் மாறிவிடவில்லை. சில நாள் பூட்டாமல் போவாள், சில நாள் பூட்டுவாள். பூட்டும் நாட்களில் மட்டும், "இன்னிக்கு முடியலைங்க" என்று வெளியிலிருந்து சொல்லிவிட்டுப் போவாள். "சரி, போய்ட்டு வா," என்பார் அவர் உள்ளேயிருந்து.